வில்லெம் டஃபோ: முகத்தைவிடக் கைகளைப் பாருங்கள்

திரை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இப்பகுதியில் அமெரிக்க நடிகர் வில்லெம் டஃபோவைப் பற்றி நான்கைந்து வரிகள் எழுதியிருந்தேன். திகில், போர், குற்றம் என்ற மூன்று வகைப் படங்களிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தளராமல் நடித்து வருபவர் அவர் என்றும், அவருடைய நடிப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முகத்தைவிடக் கைகளைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அந்தக் கடைசி வரிக்கு எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே, இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: டஃபோ என்றாலே நினைவுக்கு வருவது அந்த விநோதமான முகம்தானே? 'ஸ்பைடர் மேன்' படத்தின் பச்சை முகமூடி வில்லனாகத்தான் எனக்கு அவரைத் தெரியும். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார் என்றால் எப்படி?

ப: அந்தப் பச்சை முகமூடியையே எடுத்துக்கொள்வோம். 2002-இல் வெளிவந்த அந்தப் படத்தில் கிரீன் காப்ளின் அணிவது அசையாத, இறுகிய ஓர் ஓடு. உள்ளே இருப்பவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்பது வெளியே தெரியாது. சண்டைக் கலைஞர் ஒருவரை அந்த உடைக்குள் அனுப்பிவிட்டுப் பின்னால் குரல் மட்டும் கொடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், உடைக்குள் தாமே இருக்க வேண்டும் என்று டஃபோ வற்புறுத்தினார். வேறொருவர் அசைந்தால் பாத்திரத்தின் உடல்மொழி மாறிவிடும் என்பது அவர் எண்ணம். முகம் மூடப்பட்ட பிறகும் நடிப்பதற்கு நிறைய மீதமிருக்கிறது என்று நம்பும் நடிகரிடம் நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அகன்ற வாய், கன்னத்தில் ஆழமாக இறங்கும் கோடுகள், எலும்பு தெரியும் தாடை என்று அவருடைய முகம் விநோதமானதுதான், மறுக்கவில்லை. அந்த முகத்தைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைத்த இயக்குநர்கள் உண்டு. அப்படிப்பட்ட படங்களில் அவர் வந்து பயமுறுத்திவிட்டுப் போவார், அவ்வளவுதான். அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்த படங்களில்தான் அவர் வேறொரு நடிகராகத் தெரிகிறார். ஒரு கருவியைப் பிடிப்பது, மூட்டையை அவிழ்ப்பது, குழாயில் புகையிலையைத் திணிப்பது போன்ற சிறு வேலையாக இருந்தால்கூடப் போதும். அந்த வேலையை அவர் நடித்துக் காட்டுவதில்லை, செய்கிறார். பாத்திரத்தின் குணம் அந்தச் செய்கையின் வழியாகவே வெளியே வருகிறது.

கே: திகில் படம் என்றால் எனக்கு ஆகாது, கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால், அவருடைய திகில் படங்களில் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று சென்ற இதழைப் படித்த பிறகு தோன்றுகிறது. எதைப் பார்க்கலாம்?

ப: 2000-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷேடோ ஆஃப் தி வாம்பயர்' படத்தைத் தயங்காமல் பாருங்கள். அதில் திகிலைவிடச் சோகமும் சிரிப்பும்தான் அதிகம்.

கதையின் அடிப்படை இதுதான்: 1922-இல் ஜெர்மானிய இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தை எடுத்தார். அதில் இரத்தக் காட்டேரியாக நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக் என்ற நாடக நடிகர். அந்த ஷ்ரெக் நடிகரே அல்லர், உண்மையான காட்டேரி. படம் தத்ரூபமாக அமைய வேண்டும் என்ற வெறியில் முர்னாவ் அவனைப் பிடித்து வந்து கேமரா முன் நிறுத்திவிட்டார் என்று இந்தப் படம் கற்பனை செய்கிறது. இயக்கியவர் ஈ. எலியாஸ் மெர்ஹிஜ். முர்னாவாக ஜான் மால்கோவிச் நடிக்க, ஷ்ரெக்காக டஃபோ நடித்தார்.

ஒப்பனை அவருடைய முகத்தை முழுமையாக விழுங்கிவிட்டது. மொட்டைத் தலை, கூரான காது, எலிப்பல், விரலை விட நீண்டு வளைந்த நகங்கள். இந்த நகங்களை டஃபோ என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டே நிற்கிறார். குளிரில் கை தேய்க்கும் கிழவரைப் போலவும், தனக்குத் தரப்படவிருக்கும் சாப்பாட்டை நினைத்து நாக்கு ஊறும் பிராணியைப் போலவும் ஒரே நேரத்தில் அவர் தோன்றுவது அந்த உரசலால்தான். படப்பிடிப்புக் குழுவினரிடையே நிற்கும்போது அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சமும் அவற்றில் தெரிகிறது.

ஒரு காட்சியைச் சற்று நெருங்கிச் சொல்ல வேண்டும். இரவில் தயாரிப்பாளரும் கதாசிரியரும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஷ்ரெக்கும் வந்து உட்கார்கிறான். அவன் பாத்திரத்தில் மூழ்கிப்போன நடிகன் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிராகுலா நாவலைப் படித்தபோது என்ன தோன்றியது என்று கேட்கிறார்கள். வருத்தமாக இருந்தது என்கிறான் ஷ்ரெக். நூற்றாண்டுக் கணக்கில் வேலைக்காரர் இல்லாமல் தனியே வாழ்ந்த பிரபுவின் வீட்டுக்குத் திடீரென்று ஒரு விருந்தாளி வருகிறான். அவனுக்குச் சாப்பாடு போட வேண்டும். ரொட்டி வாங்குவது எப்படி, பாலாடைக்கட்டி தேர்ந்தெடுப்பது எப்படி என்பதெல்லாம் அந்தப் பிரபுவுக்கு நினைவிருக்குமா என்று ஷ்ரெக் கேட்கிறான். கேட்கும் குரலில் மிரட்டல் சிறிதும் இல்லை. வீட்டு வேலை மறந்துபோன ஒரு முதியவரின் தவிப்பு மட்டுமே இருக்கிறது. நாம் அந்தத் தவிப்பில் கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில், பறந்து போகும் வௌவால் ஒன்றைக் கையால் எட்டிப் பிடித்துக் கடித்துவிடுகிறான். பேச்சில் மனிதனாகவும் கையில் மிருகமாகவும் ஒரே காட்சிக்குள் இருந்து காட்டிய அந்த நடிப்புக்கு, சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. நீங்கள் கண்ணை மூட வேண்டிய இடங்கள் மிகக் குறைவு. மூடினால் இழப்பு உங்களுக்குத்தான்.

கே: நான் ஓய்வுபெற்ற இராணுவ வீரன். போர்ப்படங்களில் வீரர்களைக் காட்டும் முறையில் எனக்கு எப்போதும் மனக்குறை உண்டு. 'பிளட்டூன்' படத்தில் டஃபோ செய்த சார்ஜென்ட் பாத்திரத்தை நீங்கள் உயர்த்திப் பேசக் காரணம் என்ன?

ப: ஐயா, உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. திரையில் வரும் வீரர்களில் பாதிப் பேர் சுடத் தெரிந்தவர்களாக இருப்பார்கள், நடக்கத் தெரியாதவர்களாக இருப்பார்கள். 1986-இல் ஆலிவர் ஸ்டோன் இயக்கிய 'பிளட்டூன்' இந்தக் குறையை அறிந்தே எடுக்கப்பட்டது. ஸ்டோன் வியட்நாமில் காலாட்படை வீரராக இருந்தவர். படப்பிடிப்பு பிலிப்பைன்ஸில் நடந்தது. கேமராவை இயக்குவதற்கு முன்பே நடிகர்களை இரண்டு வாரம் காட்டுக்குள் அனுப்பி, டேல் டை என்ற முன்னாள் மரைன் படை அதிகாரியின் கீழ்ப் பயிற்சி எடுக்க வைத்தார்கள். குழி தோண்டி அதிலேயே தூங்கி, இராணுவ உணவைச் சாப்பிட்டு, இரவில் முறை வைத்துக் காவல் காத்த பிறகே அவர்கள் வசனம் பேசத் தொடங்கினார்கள்.

அதுவரை டஃபோவுக்கு வில்லன் வேடங்களே வந்துகொண்டிருந்தன. ஸ்டோன் அதைத் தலைகீழாக்கினார். நல்லவராக நடித்து வந்த டாம் பெரெஞ்சரிடம் கொடூரமான சார்ஜென்ட் பார்ன்ஸ் வேடத்தையும், டஃபோவிடம் இரக்கமுள்ள சார்ஜென்ட் எலியாஸ் வேடத்தையும் கொடுத்தார். இருவருமே சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

எலியாஸைப் பற்றிப் பேசுபவர்கள் அவர் சாகும் காட்சியைத்தான் பேசுவார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது தொடக்கத்தில் வரும் ஒரு சிறு காட்சியை. புதிதாக வந்த இளைஞன் கிறிஸ் தேவையில்லாத சாமான்களையெல்லாம் முதுகுப்பையில் திணித்துக்கொண்டு சுமக்க முடியாமல் திணறுகிறான். எலியாஸ் அந்தப் பையைத் திறந்து, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார். நீண்ட அறிவுரை சொல்வதில்லை, தோளைத் தட்டி ஊக்கப்படுத்துவதும் இல்லை. இதை நூறு பேருக்குச் செய்து பழகிய கையின் வேகம் மட்டும்தான் அங்கே இருக்கிறது. இவரை நம்பலாம் என்று அந்த இளைஞனுக்குத் தோன்றுவதும் நமக்குத் தோன்றுவதும் அந்த நொடியில்தான். நீங்கள் படையில் இருந்தவர். அப்படிப்பட்ட ஒரு மூத்தவர் உங்களுக்கும் வாய்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் சுரங்கத்துக்குள் கைத்துப்பாக்கியும் டார்ச்சுமாக இறங்கும் காட்சி வருகிறது. அங்கே இரக்கமுள்ள எலியாஸ் காணாமல் போய்விடுகிறார். தொழில் தெரிந்த, ஆபத்தான ஒரு வீரர் ஊர்ந்து போகிறார். நல்லவரைச் சாதுவாகக் காட்டும் தவற்றை டஃபோ செய்யவில்லை. கிராமத்தில் ஒரு சிறுமியின் தலையில் பார்ன்ஸ் துப்பாக்கியை வைக்கும்போது எலியாஸ் பாய்ந்து வந்து அடிப்பது, சுரங்கத்தில் ஊர்ந்த அதே மனிதர் என்பதால்தான் நம்பும்படியாக இருக்கிறது.

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. பார்ன்ஸால் சுடப்பட்டு, இறந்துவிட்டதாகக் கைவிடப்பட்ட எலியாஸ் மரங்களுக்கு வெளியே ஓடி வருகிறார். பின்னால் எதிரிப் படை. மேலே ஹெலிகாப்டர் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. கேமராவும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. முகம் ஒரு புள்ளி. சாமுவேல் பார்பரின் மந்தமான தந்தி இசை ஒலிக்க, குண்டுபட்டு விழுந்து, எழுந்து, மண்டியிட்டு, இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்துகிறார். படத்தின் சுவரொட்டியாக உலகெங்கும் சென்றது அந்தக் கைகள்தான். சென்ற இதழில் அந்த வரியை எழுதும்போது என் மனத்தில் இருந்த முதல் படிமம் அதுவே.

கே: 'பிளட்டூன்' தவிர வேறு போர்ப்படங்களில் அவர் குறிப்பிடும்படியாக ஏதாவது செய்திருக்கிறாரா?

ப: மூன்றைச் சொல்கிறேன். மூன்றிலும் அவர் சண்டை போடும் வீரர் அல்லர்; போர் கடந்து போன பிறகு எஞ்சியிருக்கும் மனிதர், அல்லது போருக்குள் கைதியாகச் சிக்கியவர்.

1989-இல் வெளிவந்த 'டிரையம்ஃப் ஆஃப் தி ஸ்பிரிட்' படத்தில் சலமோ அரூக் என்ற கிரேக்க யூதக் குத்துச்சண்டை வீரராக நடித்தார். அவுஷ்விட்ஸ் முகாமில் காவலர்களின் பொழுதுபோக்குக்காகச் சக கைதிகளோடு மோத வைக்கப்பட்ட உண்மை மனிதர் அவர். படம் அந்த முகாம் இருந்த இடத்திலேயே எடுக்கப்பட்டது. திரைக்கதையில் தொய்வு உண்டு. ஆனால், வெற்றிபெற்ற கையை உயர்த்த முடியாமல், தான் வீழ்த்தியவனுக்கு என்ன நேரும் என்று தெரிந்து நிற்கும் டஃபோவின் தோள்களை நான் மறக்கவில்லை.

அதே ஆண்டில் வந்த 'பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை' படத்தில் அவருக்குச் சிறிய வேடம். வியட்நாமில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, மெக்ஸிகோவில் குடித்துக் காலம் கழிக்கும் சார்லி அவர். வெயில் காயும் சாலையோரத்தில் டாம் க்ரூஸும் அவரும் சக்கர நாற்காலிகளில் அமர்ந்தபடி, யார் அதிகம் இழந்தவர் என்று சண்டையிட்டு, ஒருவர் மேல் ஒருவர் காறித் துப்பி, நாற்காலியோடு புழுதியில் உருள்கிறார்கள். கால் இல்லாத சண்டையில் கையும் வாயும் மட்டுமே ஆயுதம். சில நிமிடமே வரும் பாத்திரத்தை இவ்வளவு கனமாக விட்டுச்செல்வது எளிதன்று.

மூன்றாவது, 1996-இல் வந்து ஒன்பது ஆஸ்கர் விருதுகள் வாங்கிய 'தி இங்கிலிஷ் பேஷண்ட்'. அதில் கரவாஜ்ஜோ என்ற திருடரும் உளவாளியுமானவராக வருகிறார். டோப்ருக்கில் ஜெர்மானியர் நடத்திய விசாரணையில் இரு கட்டைவிரல்களையும் இழந்தவர். கைத்திறனையே நம்பி வாழ்ந்த ஒருவனிடமிருந்து கட்டைவிரலைப் பறித்துவிட்டால் அவன் எப்படிக் கோப்பையைப் பிடிப்பான், எப்படி ஊசி போட்டுக்கொள்வான் என்பதைப் படம் முழுவதும் டஃபோ சத்தமில்லாமல் செய்துகொண்டே இருக்கிறார். காதல் கதையில் மூழ்கியவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அவரை மட்டும் பின்தொடருங்கள்.

கே: குற்றப் படங்களில் அவருடைய மிகச் சிறந்த வேடம் எது? 'வைல்ட் அட் ஹார்ட்' என்கிறார்கள் என் நண்பர்கள்.

ப: உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1990-இல் டேவிட் லின்ச் இயக்கிய அந்தப் படத்தில் பாபி பெரு என்ற ரௌடியாக அவர் வரும் நேரம் குறைவு, ஏற்படுத்தும் அருவருப்பு அதிகம். அந்தப் பாத்திரத்துக்காகச் செய்யப்பட்ட பொய்ப்பற்கள் சற்றுப் பெரியவை; அவற்றைப் போட்டுக்கொண்டால் வாயை முழுமையாக மூட முடியாது. மூடாத அந்த வாயே பாபி பெருவுக்குத் திறவுகோலாக அமைந்தது என்று டஃபோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெளியிலிருந்து உள்ளே போகும் அவருடைய முறைக்கு நல்ல உதாரணம்.

ஆனாலும் என் தேர்வு 1985-இல் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய 'டு லிவ் அண்ட் டை இன் எல்.ஏ.' தான். ரிக் மாஸ்டர்ஸ் என்ற கள்ளநோட்டுக்காரனாக டஃபோ நடித்திருக்கிறார். மாஸ்டர்ஸ் ஓவியனும்கூட, தான் வரைந்த ஓவியத்தைத் தானே எரித்துவிடும் வகை.

படத்தில் அவன் இருபது டாலர் நோட்டு அச்சடிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் பேச்சு ஏறக்குறைய இல்லை. இசை மட்டும் ஓடுகிறது. நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறான். தூரிகையின் நுனியால் அதில் திருத்தம் செய்கிறான். தகடு தயாராகிறது. பச்சை மையைக் கத்தியால் குழைத்து, நிறம் சரியாக வந்ததா என்று பார்க்கிறான். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் தாளை உருவி எடுத்து உற்று நோக்குகிறான். வெட்டிய நோட்டுகள் புதிதாகத் தெரியக் கூடாது என்பதற்காக அவற்றைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றுகிறான். சில நிமிடங்களில், இவன் குற்றவாளி என்பதே நமக்கு மறந்துபோகிறது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறானே என்ற வியப்பு மட்டும் நிற்கிறது. அந்த வியப்பில்தான் படத்தின் விஷம் இருக்கிறது. அவனைத் துரத்தும் அரசாங்க அதிகாரி அவசரக்காரர், சட்டத்தை மீறத் தயங்காதவர். துரத்தப்படும் குற்றவாளியோ பொறுமையும் ஒழுங்கும் உள்ளவன். எது யோக்கியம் என்ற குழப்பத்தை வசனம் எழுப்பவில்லை, டஃபோவின் விரல்கள் எழுப்புகின்றன.

அடுத்த இடத்தில் 1992-இல் பால் ஷ்ரேடர் எடுத்த 'லைட் ஸ்லீப்பர்' வரும். நியூயார்க்கின் வசதியான வாடிக்கையாளர்களுக்குப் போதைப்பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஜான் லெடூர் என்ற தூக்கமற்ற மனிதர். குப்பை அள்ளுபவர்கள் வேலைநிறுத்தம் செய்வதால் தெருவெங்கும் குப்பை மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கிடையே காரின் பின் இருக்கையில் அமர்ந்து போய்க்கொண்டே இருக்கிறார். அறைக்குத் திரும்பினால் நாட்குறிப்பு எழுதுகிறார். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்புவரை அது ஒரு நடுத்தர வயதுக்காரரின் வேலைக் கவலையைப் பற்றிய படமாகவே ஓடுகிறது. குற்ற உலகை இவ்வளவு சோர்வாக, உண்மையாகக் காட்டிய படங்கள் அதிகமில்லை.

2000-இல் வந்த 'அமெரிக்கன் சைக்கோ' படத்தில் துப்பறிவாளர் கிம்பால் வேடத்தைப் பற்றியும் ஒரு செய்தி. பேட்ரிக் பேட்மன் என்ற கொலைகாரனிடம் அவர் விசாரணை நடத்தும் காட்சிகளை இயக்குநர் மேரி ஹாரன் டஃபோவை மூன்று விதமாக நடிக்க வைத்துப் படமாக்கினார்: இவன்தான் கொலைகாரன் என்று தெரிந்த துப்பறிவாளராக ஒரு முறை, சந்தேகமே இல்லாதவராக ஒரு முறை, உறுதியில்லாதவராக ஒரு முறை. படத்தொகுப்பில் மூன்றையும் கலந்துவிட்டார்கள். ஒரு வரியில் சிநேகமாகச் சிரிப்பவர் அடுத்த வரியில் வேறு மாதிரிப் பார்ப்பது இதனால்தான். பேட்மனுக்கு வரும் வியர்வை நமக்கும் வருகிறது.

கே: 'மிஸிஸிப்பி பர்னிங்' படத்தை என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா? வரலாற்றுப் பாடம் நடத்துகிறேன்.

ப: காட்டுங்கள், ஆனால் படம் முடிந்ததும் நீங்கள் அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

1964-இல் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வர்னர் என்ற மூன்று குடிமை உரிமைப் போராளிகள் கொல்லப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு, 1988-இல் ஆலன் பார்க்கர் இயக்கிய படம் அது. விசாரிக்க வரும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளாக ஜீன் ஹாக்மனும் டஃபோவும் நடித்தார்கள். ஹாக்மன் உள்ளூர் மனிதர்களின் போக்கு அறிந்தவர். டஃபோவின் வார்ட் சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்தே பிறந்தவர் போன்றவர். கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் போய் உட்கார்ந்து, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இளைஞனிடம் எல்லோர் முன்னிலையிலும் வார்ட் கேள்வி கேட்கும் காட்சியை மாணவர்களிடம் விவாதியுங்கள். வார்டின் நோக்கம் நேர்மையானது. ஆனால், அவருடைய நேர்மைக்கான தண்டனையை அனுபவிப்பவன் அந்த இளைஞன். தன் நல்லெண்ணத்தின் விலையை வேறொருவர் கொடுப்பதை அறியாத மனிதரை டஃபோ விறைப்பான கழுத்தோடும் கழற்றாத கோட்டோடும் சரியாகப் பிடித்திருக்கிறார்.

படத்தின் பெரிய குறை வேறொன்று. அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் கறுப்பின மக்கள். படத்திலோ அவர்கள் அடிபடுபவர்களாகவும் அழுபவர்களாகவும் பின்னணியில் நிற்கிறார்கள். மீட்பவர்களாக வெள்ளைக்கார அதிகாரிகள் முன்னால் நிற்கிறார்கள். படம் வந்த காலத்திலேயே இந்தக் கண்டனம் எழுந்தது. அது சரியான கண்டனம் என்றே நான் கருதுகிறேன். வரலாற்றுப் பாடத்தில் இந்தப் படத்தைப் பாடமாக வைப்பதைவிட, ஒரு வரலாறு யாருடைய கண்வழியாகச் சொல்லப்படுகிறது என்பதற்குச் சான்றாக வைப்பதே பயன் தரும்.

கே: பதினாறு வயதான என் மகன் 'ஆன்டிகிரைஸ்ட்' பார்க்க வேண்டும் என்கிறான். அனுமதிக்கலாமா?

ப: வேண்டாம் அம்மா. 2009-இல் லார்ஸ் ஃபான் ட்ரியர் எடுத்த அந்தப் படம் வயது வந்தவர்களுக்கானது. உடல் சிதைவையும் பாலுறவையும் மறைக்காமல் காட்டுவது. குழந்தையை இழந்த தம்பதியரின் துயரத்தைப் பற்றிய தீவிரமான படம் என்பதிலும், ஷார்லட் கேன்ஸ்பூருக்கு அதற்காகக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது நியாயமே என்பதிலும் எனக்கு ஐயமில்லை. மகன் வளர்ந்த பிறகு பார்க்கட்டும். இப்போதைக்கு 'ஷேடோ ஆஃப் தி வாம்பயர்' படத்தை நீங்களும் உடன் அமர்ந்து பார்க்கலாம். அதிலும் சில காட்சிகள் பெரியவர்களுக்கானவை என்பதால் முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கே: நாடகக் குழு ஒன்றில் இருக்கிறேன். 'தி லைட்ஹவுஸ்' படத்தில் அவர் சாபமிடும் காட்சியைப் பார்த்து மிரண்டுபோனேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

ப: நாடக மேடையிலிருந்து வந்தது. டஃபோ சினிமாவுக்கு வருமுன் மில்வாக்கியில் 'தியேட்டர் எக்ஸ்' என்ற சோதனை நாடகக் குழுவில் இருந்தார். பிறகு நியூயார்க்கில் எலிசபெத் லெகாம்ப்ட் முதலியவர்களோடு 'வூஸ்டர் குரூப்' உருவாகக் காரணமானவர்களில் ஒருவராக இருந்தார். படங்களில் புகழ் பெற்ற பின்னரும் அந்தக் குழுவோடு சேர்ந்து மேடையில் நடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் குழுவின் நாடகங்களில் நடிகருக்கு உணர்ச்சியைவிடச் செய்கைகளே முதலில் கொடுக்கப்பட்டன: இங்கே நட, இதைத் தூக்கு, இந்த ஒலிக்கு ஏற்ப நில் என்று. நான் கைகளைப் பற்றி இவ்வளவு பேசுவதன் வேரும் அங்கேதான் இருக்கிறது.

ராபர்ட் எக்கர்ஸ் இயக்கி 2019-இல் வந்த 'தி லைட்ஹவுஸ்', ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில், கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் எடுக்கப்பட்டது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையில் எழுபது அடி உயரத்துக்குக் கலங்கரை விளக்கம் ஒன்றையே கட்டினார்கள். காற்றும் குளிரும் நிஜம். டஃபோவின் தாமஸ் வேக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழும் முரட்டு விளக்குக் காவலர். அவருக்குக் கீழே வேலை செய்யும் இளைஞராக ராபர்ட் பேட்டின்சன்.

நீங்கள் சொல்லும் காட்சியில் சண்டை தொடங்குவது சமையலில். வேக் சமைத்த சிங்கி இறால் பிடிக்கவில்லை என்கிறான் இளைஞன். அந்த அற்பக் காயத்திலிருந்து கிழவர் எழுந்து, கடல் தெய்வத்தை அழைத்து, மூச்சு வாங்காமல் சாபமிடத் தொடங்குகிறார். கேமரா கீழிருந்து முகத்தை நோக்கிப் பார்க்கிறது. அவர் கண்ணிமைப்பதாகத் தெரியவில்லை. என் கொள்கைக்கு விரோதமாக, இங்கே முகமும் குரலும்தான் எல்லாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால், நடிகர் என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது குரலின் உரத்தை அன்று, படிக்கட்டை. அவர் உச்சத்தில் தொடங்கவில்லை. மனம் புண்பட்ட சமையல்காரனின் தாழ்ந்த குரலில் தொடங்கி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு படி ஏறி, கடைசியில் மனிதக் குரல்தானா என்று ஐயப்படும் இடத்தில் நிறுத்துகிறார். சமையல் காயத்தை அவர் கடைசி வரை விடவில்லை; அதனால்தான் அது சிரிப்பாகவும் பயமாகவும் சேர்ந்தே இருக்கிறது. ஒத்திகையில் செய்து பாருங்கள்: முதல் வரியைச் சத்தமாகச் சொன்னால் நான்காவது வரியில் ஏறுவதற்கு இடம் இருக்காது.

இன்னொரு காட்சியில் அந்த இளைஞன் அவரை மண்ணுக்குள் புதைக்கிறான். வாயில் மண் விழ விழ அவர் பேசிக்கொண்டே இருக்கிறார்.

கே: இவ்வளவு பெரிய நடிகருக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

ப: இல்லை. 'பிளட்டூன்', 'ஷேடோ ஆஃப் தி வாம்பயர்', 'தி ஃபுளோரிடா புராஜெக்ட்', 'அட் எடர்னிட்டீஸ் கேட்' என நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார். கடைசிப் படத்தில் ஓவியர் வான்கோவாக நடித்ததற்கு 2018 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். 'தி லைட்ஹவுஸ்' படத்துக்குப் பரிந்துரைகூட வராதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கே: புதிய 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் காட்டேரியாக அவரையே போட்டிருக்கலாமே? ஏன் வேறு வேடம்?

ப: எனக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது. எக்கர்ஸ் இயக்கத்தில் 'தி லைட்ஹவுஸ்', 'தி நார்த்மேன்' படங்களுக்குப் பிறகு டஃபோ நடித்த மூன்றாவது படம் அது, 2024-இல் வந்தது. காட்டேரியான ஆர்லாக் பிரபுவாக பில் ஸ்கார்ஸ்கார்டும், காட்டேரியை வேட்டையாடும் பேராசிரியர் ஃபான் ஃப்ரான்ஸாக டஃபோவும் நடித்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நகங்களை உரசிக்கொண்டு இருட்டில் நின்றவர், இப்போது விளக்கை ஏந்திக்கொண்டு அதே இருட்டைத் தேடிப் போகிறார். அந்த இருட்டுக்குள் இருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, பேராசிரியர் காட்டேரியை வெறுப்பதைவிட வியந்து அஞ்சுவதாகவே எனக்குப் பட்டது.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இறுதியில் விடியும் வெளிச்சத்தில் கட்டிலின் மேல் இரண்டு உடல்கள் கிடக்கின்றன. அதுவரை சடங்கு, சாத்திரம், சாத்தான் என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்த முதியவர் அவற்றைச் சுற்றி லைலாக் மலர்களை வைக்கிறார். நோயாளியின் போர்வையைச் சரிசெய்யும் மருத்துவரின் கைகளைப் போல அவை அவசரப்படாமல் நகர்கின்றன.